உழைப்பு வேறு, தேகப்பயிற்சி வேறு!



"விடியறதுக்கு முன்னாடி எழுந்து பெரட்டுக்குப் போறேன். மத்தியானம் வரைக்கும் மரத்தோடயும் குலையோடயும் மல்லுக்கட்டுறேன். எனக்கு எதுக்குய்யா தேகப்பயிற்சி? அதெல்லாம் ஆபீசுல நாற்காலியில உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு!"

தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் இது தப்புக் கணக்கு. இந்தக் கணக்கினால் குறைவது நம்முடைய ஆயுள்.

சுகாதார அமைச்சு 2019-ல் நடத்திய தேசிய ஆய்வில், 18 வயதைத் தாண்டிய மலேசியர்களில் 100-க்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 100-க்கு 31 பேர்! தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்து உரமேறிய சமுதாயம் என்று சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சமுதாயத்தில் ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவருக்கு இந்த நோய் என்றால், உழைப்பு மட்டும் நம்மைக் காப்பாற்றவில்லை என்றுதானே அர்த்தம்?

ஏன் காப்பாற்றவில்லை? பால் வெட்டுகிறவரைப் பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம் சாய்வு, ஒரே கைக்கு வேலை. செம்பனைக் குலை அறுக்கிறவருக்குக் கழுத்து நாள் முழுக்க அண்ணாந்தே இருக்கிறது. உதிரிப் பழம் பொறுக்கும் அக்காமார்களுக்கு நிமிரவே நேரமில்லை. ஒரு தசைக்கு ஓயாத வேலை, பக்கத்துத் தசைக்கு வேலையே இல்லை. கடைசியில் இடுப்புவலியும் தோள்வலியும்தான் மிச்சம்.

இருதயத்தின் கதையும் அப்படித்தான். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுமார் பத்து வருடம் கவனித்து, 2021-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு இருதய நோய் குறைவாக இருந்தது. வேலையில் கடுமையாக உடம்பை வருத்தியவர்களுக்கோ அது கூடுதலாக இருந்தது! பாரம் தூக்கும்போது ரத்த அழுத்தம் ஏறுகிறது. மணிக்கணக்கில் வேலை நீண்டால் இருதயம் இளைப்பாற வழியில்லை. போதிய ஓய்வும் கிடைப்பதில்லை. ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டும் காரணங்கள் இவை. தேகப்பயிற்சியில் எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. வேலையில் அது உங்கள் கையில் இல்லை.

இதை வைத்துக்கொண்டு, "தொழிலாளி தேகப்பயிற்சி செய்யாததால்தான் நோயாளியாகிறான்" என்று எந்த நிர்வாகமாவது சொன்னால் நாம் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. நல்ல சம்பளம், ஓய்வு, பாதுகாப்பு, மருத்துவ வசதி ஆகியவை கொடுக்கப்பட்டே ஆக வேண்டும். தேகப்பயிற்சி அவற்றுக்கு மாற்று அல்ல. ஆனால் அவை எல்லாம் கிடைத்த பிறகு அனுபவிக்க உடம்பு வேண்டாமா? சுவர் இருந்தால்தானே சித்திரம்?

"நேரம் ஏது?" என்று கேட்பீர்கள். தீபகற்ப மலேசியாவில் வாரத்துக்கு 48 மணியாக இருந்த சட்டப்படியான வேலை நேரம் 2023 ஜனவரி 1 முதல் 45 மணியாகக் குறைந்தது. குறைந்த 3 மணி நேரம் என்பது 180 நிமிடம். உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் கொடுத்த வழிகாட்டியில் பெரியவர்களுக்குக் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சியும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும்தான். சட்டம் மீட்டுக் கொடுத்த நேரத்தை ஓவர்டைமுக்கே தாரை வார்க்காமல், உடம்புக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்பதே என் வாதம்.

சரி, வீட்டில் என்ன செய்வது? காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்.

முதலாவது, மூச்சு வாங்கும் பயிற்சி. வேகமாக நடப்பதே போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். மழையோ புகைமூட்டமோ இருந்தால் வீட்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் முழங்காலை உயர்த்தி நடை போடுங்கள். முதல் வாரம் பத்து நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அரை மணி. சாப்பிட்ட பிறகு நடப்பது இனிப்பு நீர்க்காரர்களுக்கு ரொம்ப நல்லது. ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைக் கால் தசை இழுத்துச் செலவழித்துவிடும்.

இரண்டாவது, வலுவூட்டும் பயிற்சி. தண்டால், பஸ்கி என்று நம் தாத்தாமார்கள் செய்ததுதான். ஆனால் கொஞ்சம் இலகுவாக:

1. நாற்காலிப் பஸ்கி: கையை ஊன்றாமல் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுந்திருங்கள். 10 தடவை.

2. சுவர்த் தண்டால்: சுவரில் இரு கையையும் ஊன்றி, உடம்பை நேராக வைத்து, முழங்கையை மடக்கி நீட்டுங்கள். 10 தடவை.

3. பை இழுப்பு: ஒரு துணிப்பையில் 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு போடுங்கள். ஒரு கையை மேசையில் ஊன்றி, முதுகை வளைக்காமல் குனிந்து, பையை இடுப்புவரை இழுங்கள். கைக்குப் 10. எப்போதும் முன்பக்கமே குனிகிறவர்களுக்கு இது அவசியம்.

4. இடுப்பு உயர்த்தல்: பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். 10 தடவை.

5. குதிகால் உயர்த்தல்: சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். 15 தடவை.

இந்த ஐந்தும் ஒரு சுற்று. இரண்டு சுற்று செய்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள். தசை வளர்வது ஓய்வில்தான். மூச்சை அடக்கிக்கொண்டு செய்யாதீர்கள். அது ரத்த அழுத்தத்தை ஏற்றும். குலை சுமந்து களைத்த நாளில் பஸ்கியை விட்டுவிட்டு, மூன்றும் நான்கும் மட்டும் செய்து கொஞ்சம் நடந்தால் போதும். காவலாளி வேலையில் உட்கார்ந்தே இருப்பவர்களும், வேலையை விட்டு நின்ற பெரியவர்களும் எதையும் விடாதீர்கள். வயதானால் கால் வலுதான் முதலில் போகும். அது போனால் விழுவோம்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. ரத்தக் கொதிப்பு, இருதய நோய், இனிப்பு நீர் உள்ளவர்கள் தொடங்கும் முன் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இனிப்பு நீருக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் சட்டைப் பையில் இனிப்பு மிட்டாய் வைத்திருங்கள். நடுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே வாயில் போடுங்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள். நெஞ்சு இறுக்கினாலோ, தலை சுற்றினாலோ நிறுத்துங்கள். நெஞ்சுவலி விடாவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. காட்டு வேலை முடிந்து வந்த மனைவிக்கு அடுப்படி வேலை காத்திருக்கிறது. அவருக்கும் அந்த அரை மணி நேரம் வேண்டும். பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள், அவர் நடந்துவிட்டு வரட்டும். இல்லையென்றால் ரெண்டு பேரும் சேர்ந்தே கழுவிவிட்டு, சேர்ந்தே நடங்கள். பிள்ளைகளும் பின்னாலேயே வருவார்கள்.

நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டாம். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பத்தே நிமிடம். அதிலிருந்து தொடங்குங்கள்!