வரலாற்றுக்கு எதுக்குங்க கச்சேரி?

"வரலாற்று மன்றத்தோட ஆண்டு விழாவில் பாட்டுக் கச்சேரி எதுக்கு? ரெண்டு பேர் கட்டுரை வாசிச்சாப் போதாதா?" இப்படிக் கேட்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. என் கட்சி வேறு. பாட்டு இல்லையென்றால் வரலாறு அலமாரியிலேயே தூங்கிவிடும்.

சாட்சிக்கு பெங்களூர் நாகரத்தினம்மாளைக் (1878–1952) கூப்பிடுகிறேன். திருவையாற்றில் தியாகராஜர் சமாதி சிதிலமாகிக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, தன் சம்பாத்தியத்தைப் போட்டுக் கோயில் எழுப்பினார். 1925இல் கும்பாபிஷேகம். பெண்களை ஆராதனையில் பாட விடாத காலம் அது. அவர் பெண்களை வைத்தே தனியாக ஆராதனை நடத்தினார். வெறும் கட்டடத்தோடு விட்டிருந்தால் இன்றைக்கு அங்கே யார் போவார்கள்? வருஷா வருஷம் பாட்டு நடப்பதால்தான் அந்த இடம் உயிரோடு இருக்கிறது.

இப்போது நம்ம பேட்டைக்கு வருவோம். திருநெல்வேலிக்காரனான நான் மாற்றலாகி வந்து குடியிருப்பது ஆஸ்டின் டவுனில். எஃப். கிட்டல் நகர் என்றும் இதற்குப் பெயர் உண்டு. 1894இல் கன்னட-ஆங்கில அகராதி வெளியிட்ட ஜெர்மன் பாதிரியார் அவர். 1809இல் கன்டோன்மென்ட் வந்த பிறகு, பட்டாளத்தோடும் வியாபாரத்தோடும் தமிழர்கள் இந்தப் பக்கம் வந்து சேர்ந்த கதை பலருக்குத் தெரியும். அதற்கும் முன்னாலேயே, இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள தொம்மலூர் சொக்கநாத சுவாமி கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

அதைப் படித்து 1905இலேயே அச்சில் ஏற்றியவர் பி.எல். ரைஸ். 1909இல் தொடங்கிய மிதிக் சொசைட்டி, 2021 முதல் பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து வருகிறது. கன்னடம், தமிழ் என்று பேதம் பார்க்காமல்! நாம் என்ன செய்கிறோம்? ஆண்டு விழா என்றால் சினிமா பாட்டு, சால்வை, சாப்பாடு. முடிந்தது கதை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். 'பாத்தியா, நாங்க அப்பவே இங்க இருந்தோம்' என்று மார்தட்ட இந்தக் கல்வெட்டுகளை இழுப்பது எனக்குப் பிடிக்காது. சுமார் கி.பி. 890இல் பெங்களூர் என்ற பெயரைச் சொல்லும் பேகூர் கல்வெட்டு கன்னடத்தில்தான் இருக்கிறது. கல்வெட்டு யாருக்கும் பட்டா இல்லை, ஊரோட லெட்ஜர். அதில் எல்லார் பெயரிலும் எண்ட்ரி உண்டு. 1991இலும் 2016இலும் காவிரிக்காகக் கலவரம் நடந்த ஊர் இது. இங்கே வளரும் நம் பிள்ளைகள் 'நாம வெளியாளுங்க' என்று கூனிக் குறுகவும் வேண்டாம், வீம்பு பேசவும் வேண்டாம். அதற்கு இந்த லெட்ஜரைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

ஆகவே என் யோசனை: வரலாற்று மன்றங்கள் ஆண்டு விழாவை ஏசி ஹாலை விட்டுத் தெருவுக்குக் கொண்டு வரட்டும். கோயில் வாசலில் நாதஸ்வரம் வாசிக்கட்டும். கல்வெட்டைத் தமிழில் வாசித்து, அர்த்தத்தைக் கன்னடத்தில் சொல்லட்டும். அப்புறம் சர்ச் பாடகர் குழு, பறை, பாட்டிகளின் தாலாட்டு. சென்னையில் 2004இல் தொடங்கிய மெட்ராஸ் தினம் அப்படித்தானே வளர்ந்தது? பெரிய அமைப்பு எதுவும் பின்னால் இல்லை. ஆர்வம் இருந்தவர்கள் அவரவர் பேட்டையில் நடத்தினார்கள்.

துபாயிலும் டொராண்டோவிலும் இருக்கிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஊரில் பாட்டி இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை போன் போடுங்கள். தாலாட்டோ ஒப்பாரியோ, தெரிந்ததைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கூடவே யார் பாடியது, எந்த ஊர், யாரிடம் கற்றது, என்ன தேதி என்று நாலு வரி எழுதி வையுங்கள். வவுச்சர் இல்லாத எண்ட்ரியை எந்த ஆடிட்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார். நாளைக்குக் கணக்குக் கேட்கப்போகிறவர்கள் நம் பேரப்பிள்ளைகள்.