வந்த நாள்

பிறந்த நாள் விழாக்களுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. தெருவெல்லாம் தோரணம், திடலெல்லாம் பேச்சு, வாயெல்லாம் வாழ்த்து! வசதியுள்ளவன் விருந்து வைக்கிறான். வசதியில்லாதவனும் கடன் வாங்கியாவது பிள்ளைக்குப் பாயசம் வைக்கிறான். ஆனால், தோழர்களே, ஒரு கேள்வி. பெற்றவள் யாரென்று தெரியாத, பிறந்த தேதி தெரியாத பிள்ளைக்கு எந்த நாளைக் கொண்டாடுவது?

இந்தக் கேள்விக்கு விடை கண்ட ஓர் இல்லம் தமிழகத்தில் உண்டு. திருநெல்வேலிச் சீமையில், மேற்கு மலையின் அடிவாரத்தில், களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூர் என்றொரு சிற்றூர். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்தவர்கள் சொன்னார்கள்: பிறந்த நாள் தெரியாவிட்டால் என்ன? இங்கே வந்த நாள் தெரியுமே, அதைக் கொண்டாடுவோம்! ஒவ்வொரு பிள்ளைக்கும் 'வந்த நாள்' விழா நடந்தது.

இதற்கு என்ன செலவு? கோடிகள் கொட்ட வேண்டுமா? கோட்டையிலே ஆணை பிறக்க வேண்டுமா? ஒன்றும் வேண்டாம். ஆனால், 'நீ ஏன் பிறந்தாய்?' என்று உலகம் கேட்ட பிள்ளையிடம், 'நல்ல வேளை, நீ வந்தாய்!' என்று ஓர் இல்லமே கூடிச் சொல்கிறது. அந்தப் பிள்ளையின் நெஞ்சம் எப்படி நிமிர்ந்திருக்கும்! எண்ணிப் பாருங்கள்.

அந்த இல்லத்தை அமைத்தவர் ஏமி கார்மைக்கேல் என்னும் அம்மையார். 1867இல் அயர்லாந்தில் பிறந்தவர். கிறிஸ்தவ ஊழியராக 1895இல் இந்தியா வந்தவர். 1951 சனவரியில் டோனாவூரிலேயே கண்மூடும் வரை, 55 ஆண்டுகள், ஒரு தடவைகூடத் தாயகம் திரும்பாதவர்.

அவர் வந்தது பிள்ளை வளர்க்கவா? இல்லை. ஊர் ஊராகச் சென்று தம் மதத்தைப் போதிக்க வந்தார். 1901 மார்ச்சிலே, பண்ணைவிளை என்ற ஊரில் அவர் தங்கியிருந்தபோது, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அடைக்கலம் தேடி வந்தாள். பிரீனா என்று பெயர். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதற்கென்று ஒப்படைக்கப்பட்ட பிள்ளை. முன்பே ஒரு முறை தப்பித் தாயிடம் ஓடினாள். தாயோ, தெய்வக் குற்றத்துக்கு அஞ்சித் திருப்பி அனுப்பினாள். தப்பி ஓடிய குற்றத்துக்காக அந்தப் பிஞ்சுக் கைகளிலே சூடு போட்டார்கள்!

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. 'பிள்ளை பிடிக்கிற வெள்ளைக்காரி ஒருத்தி வந்திருக்கிறாள், ஜாக்கிரதை!' என்று அந்தச் சிறுமியை மிரட்டி வைத்திருந்தார்கள். அவளோ, பிடித்துக்கொண்டு போகட்டும் என்று அந்த அம்மையாரைத் தேடியே ஓடி வந்துவிட்டாள். பிள்ளை பிடிப்பவளைக் காட்டிலும் பொட்டுக் கட்டுபவர்களுக்குத்தான் ஒரு குழந்தை அதிகம் பயந்தது என்றால், அந்நாளைய சமுதாயத்தின் நிலையை வேறு சாட்சி வைத்தா விளக்க வேண்டும்?

அம்மையார் அவளை மடியிலே வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். அந்த ஒரு மடியில் தொடங்கியது அந்த இல்லம். 1913இல் அங்கே 130 பிள்ளைகள்! 1918 முதல் ஆண் குழந்தைகளையும் சேர்த்தார்கள்.

'இதென்ன பெரிய தொண்டு? பால் காய்ச்சுவது, துணி துவைப்பது, மலம் கழுவுவது, இரவெல்லாம் விழித்திருந்து தொட்டில் ஆட்டுவது. ஆயா வேலைதானே!' என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். உதவிக்கு வந்த பெண்களிலேயே சிலர், இது தங்கள் தகுதிக்குக் கீழான வேலை என்று தயங்கினார்கள். போதகர் வேலையை விட்டுவிட்டுத் தொட்டிலுக்குக் காவல் இருப்பது சரிதானா என்று அம்மையாரே ஒருகணம் கலங்கினார். தம் சீடர்களின் கால்களை இயேசு கழுவினார் என்ற செய்தி அவருக்கு நினைவு வந்தது. குருவே குனிந்து கால் கழுவினார் என்றால், எந்த வேலை கீழ்வேலை? கலக்கம் தீர்ந்தது. ஊர் சுற்றிய கால்கள் தொட்டிலடியில் நின்றன.

அவர் தனியாக நிற்கவில்லை. பொன்னம்மாள் என்ற தமிழ்ப் பெண் தோள் கொடுத்தார். இளம் விதவை, வீட்டு மூலையிலே முடங்கிக் கிட என்று சமுதாயம் தீர்ப்பளித்த பிறவி. பிறர் தொடத் தயங்கிய வேலையை வாய்ச்சொல் இல்லாமல் தாமே எடுத்துச் செய்தார். 1915இல் மறையும்வரை எத்தனையோ குழந்தைகளுக்குத் தாயாக இருந்தார். விதவை முகத்தில் விழித்தால் தீங்கு என்று சொன்ன நாட்டிலே, அந்த முகத்தில் விழித்தே வளர்ந்தன அத்தனை பிள்ளைகளும்!

அம்மையாருக்கு இந்தப் பாடம் டோனாவூரிலே தொடங்கவில்லை; பெல்பாஸ்ட் நகரத் தெருவிலே தொடங்கியது. இளம் பெண்ணாக, ஒரு ஞாயிறன்று, தம்பிமாருடன் தேவாலயத்திலிருந்து திரும்பும் வழியில், கந்தலுடுத்திய கிழவி ஒருத்தி மூட்டை தூக்கித் தள்ளாடுவதைக் கண்டார். ஓடிப்போய் மூட்டையை வாங்கிக்கொண்டு கையைப் பிடித்து நடத்தினார்கள். எதிரே பட்டும் பகட்டுமாக ஊர்ப் பெரிய மனிதர்கள்! பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று வெட்கத்தால் முகம் சிவந்ததாம். பின்னாளில் அவரே எழுதி ஒப்புக்கொண்ட செய்தி இது.

அதே நகரில் நூலாலைகளிலே உழைத்த ஏழைப் பெண்கள் தொப்பி வாங்கக் காசில்லாமல் சால்வையால் தலையை மூடுவார்கள். 'சால்வைக்காரிகள்' என்று அவர்களுக்கு ஏளனப் பெயர். அவர்களைத் தேவாலயத்துக்கு அழைத்து வந்தபோது கனவான்கள் முகம் சுளித்தார்கள். சுளித்தால் சுளிக்கட்டும் என்று 1889இல் அந்தப் பெண்களுக்கென்றே 500 பேர் அமரும் தகரக் கொட்டகை ஒன்றை எழுப்பினார். ஆலையிலே உழைக்கும் நம் தோழர்களுக்கு அந்த ஏளனம் புதிதல்ல. அந்தக் கொட்டகையின் அருமையும் புரியாததல்ல.

'மதம் மாற்ற வந்தவர்தானே!' என்பார் சிலர். ஆம், மறைப்பானேன்? மதம் பரப்பத்தான் கப்பலேறினார். எடுத்த பிள்ளைகளைத் தம் மத வழியிலேதான் வளர்த்தார். அதை ஏற்காதவர்கள் உண்டு. விவாதிக்க அவர்களுக்கு உரிமையும் உண்டு. நாம் எந்த மதத்துக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் விவாதிக்க வருகிறவர்களைப் பார்த்து ஒன்று கேட்கிறோம்: அந்தச் சிறுமியின் கையிலே சூடு போட்டபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? வீதியிலே பிள்ளை அழுதபோது திறக்காத கதவு, அடுத்த வீட்டுக்காரர் அவளைத் தூக்கிக்கொண்ட பிறகு திறந்து, 'என் பிள்ளை!' என்று கூவினால் அதை எப்படி நம்புவது?

அன்பின் புகழைப் பாடும்போதே அதன் எல்லையையும் சொல்லத்தான் வேண்டும். ஓடி வரத் தெரிந்த பிள்ளை பிழைத்தது. ஓடி வர முடியாத பிள்ளைகளின் கதி? அங்கேதான் சட்டம் தேவைப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையிலே முழங்கினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராக மேடையேறினார். பழமைவாதிகள் பதறினார்கள், பண்பாடு போச்சு என்று பரிதவித்தார்கள். ஆயினும் 1947இல் சென்னை மாகாணத்திலே பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. பிரீனா ஓடி வந்த 1901க்கும் இந்தச் சட்டம் வந்த 1947க்கும் இடையே 46 ஆண்டுகள்! சட்டம் வரட்டும் என்று அந்த மடி காத்திருந்தால் அந்தப் பிள்ளை என்னவாகியிருப்பாள்? மடி மட்டும் போதும் என்று முத்துலட்சுமி ஓய்ந்திருந்தால் மற்றப் பிள்ளைகள் என்னவாகியிருப்பார்கள்? அந்த முத்துலட்சுமியும் சட்டத்தோடு நிற்கவில்லை; போக்கிடமற்ற பெண்களுக்கென்று அவ்வை இல்லம் கண்டார். சட்டம் கதவைச் சாத்தும். கண்ணீரைத் துடைக்கக் கைதான் வேண்டும்.

அந்தக் கை நம்மிடம் இருக்கிறதா? தேநீர்க் கடையிலே டம்ளர் கழுவுகிறான் ஒரு சிறுவன். 'டேய்!' என்று கூப்பிடுகிறோம், தேநீர் குடிக்கிறோம், சமத்துவம் பேசுகிறோம், எழுந்து போகிறோம். உன் பெயர் என்ன, எந்த ஊர், பள்ளிக்கூடம் ஏன் போகவில்லை என்று ஒரு நாளாவது கேட்டோமா? 14 வயது நிரம்பாத பிள்ளையைக் கடையிலே வேலைக்கு வைப்பது இன்று குற்றம். 1098 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் தொலைபேசியிலே சொல்லலாம். ஆதரவற்ற பிள்ளையை யாரும் தம் விருப்பப்படி வைத்துக்கொள்ள இன்றையச் சட்டம் இடந்தராது; குழந்தைகள் நலக் குழுவிடம் சேர்ப்பிக்க வேண்டும். அதுவும் நல்லதே. இல்லம் நடத்துகிற எல்லாரும் டோனாவூர் அம்மையார் அல்லவே! ஆனால் அந்த எண்ணைச் சுழற்றும் விரல் வேண்டுமே. அந்தப் பெயரைக் கேட்கும் வாய் வேண்டுமே!

1919இல் வெள்ளை அரசு அந்த அம்மையாருக்குப் பதக்கம் வழங்கியது; வாங்கிக்கொள்ள அவர் விழாவுக்குப் போகவில்லை. 1931இல் விழுந்து அடிபட்டு, கடைசி 20 ஆண்டுகளைப் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கழித்தார். என் கல்லறைமேல் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறைந்தார். வளர்ந்த பிள்ளைகள் அவர் சொல்லைக் காப்பாற்றினார்கள். கல்லுக்குப் பதிலாகப் பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதிலே, தாயைக் குறிக்கும் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதினார்கள்.

சிலைக்கு மாலை சூட்டுவோர் சூட்டட்டும். தோழர்களே, நாளை காலை தேநீர்க் கடைக்குப் போகும்போது, முதலில் அந்தச் சிறுவனின் பெயரைக் கேளுங்கள்!