மலிவு ரூம் தேடினது போதும், வீடொண்டு எடுப்போம்

வெளிநாட்டில் மலிவாக ஹோட்டல் பிடிப்பது எப்படி என்று தமிழில் வந்த யூடியூப் வீடியோக்களில் பெரும்பகுதியை நாங்கள் பார்த்து முடித்துவிட்டோம். ஏழு வழி, பத்து ரகசியம், யாருமே சொல்லாத ஒரு டிப்ஸ். செவ்வாய்க்கிழமை புக் பண்ணு, பிரவுசரை மாத்திப் பாரு, ஹொஸ்டலில் மேல்கட்டில் எடு, ஸ்டேஷனுக்கு ரெண்டு கிலோமீட்டர் தள்ளித் தங்கு. சொல்கிறவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அவர்கள் எண்ணுகிற ரூபாய் வேறு, எங்கட பொக்கெட்டில் கிடக்கிற ரூபா வேறு. அதே ஆட்கள் 2022க்குப் பிறகு கொழும்பில் வந்து இறங்கி, இலங்கையில் எல்லாமே மலிவு என்று வீடியோ போட்டார்கள். அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அது எங்கட வாப்பாமாரின் சம்பளத்தில இருந்து வந்தது.

கணக்கைப் பார்ப்போம். 2022 மார்ச் தொடக்கம் வரை ஒரு டொலரை 203 ரூபா அளவில் கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள். மார்ச் 7ஆம் திகதி கட்டுத் தளர்ந்தது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அரசாங்கம் அறிவித்தது. மே மாதம் டொலர் 360 பக்கம் போய் நின்றது. இது எல்லாருக்கும் மனப்பாடமான கதை. இதையே சென்னைக் கணக்காக மாற்றிப் பார்த்தவர்கள் குறைவு. அந்த மார்ச்சுக்கு முன் ஓர் இந்திய ரூபாய்க்கு நாங்கள் கொடுத்தது 2.70 அளவு. மே மாதம் 4.60 அளவு. இப்ப மூன்றரைக்குக் கிட்ட நிற்கிறது. திருவல்லிக்கேணியில் 1,200 இந்திய ரூபாய்க்கு ஒரு லொட்ஜ் அறை என்று வைத்துக்கொள்வோம். முதலில் 3,240, பிறகு 5,520, இப்ப 4,200. லொட்ஜ்காரர் தன் பங்குக்கு ஒரு ரூபாய் கூட்டவில்லை. கட்டிலும் அதே கட்டில், ஃபேனும் அதே ஃபேன். மஹாபொல மாதம் 5,000 ரூபாவாக இருந்த அந்த மே மாதத்தில், ஒரு மாதக் காசு அந்த அறையில் ஓர் இரவுக்கும் காணாது. 2025இல் மஹாபொலவை 7,500 ஆக்கினார்கள். அந்தக் காசும் ரெண்டு இரவுக்கு முழுசா வராது.

இந்தியா தன் பக்கத்திலும் கொஞ்சம் போட்டது. ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு முன்பு ஜிஎஸ்டி கிடையாது. 2022 ஜூலையில் அதற்கும் 12 வீதம் வந்தது, 2025 செப்டம்பரில்தான் 5 ஆகக் குறைந்தது. மலிவு அறையில் தங்குகிறவன்தான் அந்த மூன்று வருசமும் இதைக் கட்டினான்.

டிப்ஸ் எல்லாம் சும்மா என்று நாங்கள் சொல்லவில்லை. சிலது உண்மையில் காசு மிச்சம் பிடிக்கும். வெளிநாட்டில் கார்ட் போடும்போது மெஷின், உங்கட நாட்டுக் காசில் எடுக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஊர்க் காசிலேயே எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மெஷின்காரர் தன் வீதத்தில் மாற்றி, இடையில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். இன்னொன்று, இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கு மிக முக்கியம். அங்கே வெளிநாட்டவர் யாரைத் தங்கவைத்தாலும் 24 மணித்தியாலத்துக்குள் படிவம் நிரப்பி அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். சின்ன லொட்ஜ்கள் பல இந்தக் கரைச்சலே வேண்டாம் என்று இருக்கிறார்கள். அதனால் ஆப்பில் மலிவாகத் தெரிகிற அறை, இலங்கைப் பாஸ்போர்ட்டைக் கண்டதும் 'ரூம் ஃபுல்' ஆகிவிடும். புக் பண்ணுவதற்கு முன் ஒரு கோல் எடுத்து, வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எடுப்பீங்களா என்று கேட்டுவிடுங்கள். எந்த டிப்ஸ் வீடியோவிலும் இது வருவதில்லை. வீடியோ எடுக்கிறவரிடம் ஆதார் கார்ட் இருக்கு, அவருக்கு இது ஏன் தெரியப்போகுது.

அதாவது, உண்மையான மலிவு அறை என்று ஒன்று இருந்தாலும் அதன் கதவு எங்களுக்குப் பாதிதான் திறக்கும். மீதி அறைகள் அடுத்த விலைத் தட்டில் கிடக்கின்றன. நாணயம் விழுந்த நாட்டின் ஆளுக்கு மற்ற நாட்டில் அடி ரெண்டு பக்கமும் விழுகிறது. காசு சுருங்குகிறது, அறையும் சுருங்குகிறது. இதைத் தனி ஆளின் கெட்டித்தனத்தால் சமாளிக்கலாம் என்று சொல்வதுதான் எங்களுக்கு ஏறவில்லை.

யார் போகிறார்கள் என்று பாருங்கள். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று — இந்தக் கரையில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் சென்னைக்கோ வேலூருக்கோ வைத்தியத்துக்குப் போய் வந்த வீடு ஒன்று இருக்கும். நோயாளி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பார். துணைக்குப் போன உம்மாவோ ராத்தாவோ வெளியே தங்க வேண்டும். செலவு அங்கேதான் ஏறுகிறது. ஸ்கேன் ரிப்போர்ட் வர மூன்று நாள், டொக்டர் அடுத்த வாரம் வரச் சொல்வார், பிறகு இன்னொரு வாரம். மூன்று கிழமை, ஒரு நாளைக்கு 4,200 என்று போட்டால் 88,200 ரூபா. படுப்பதற்கு மட்டும். சாப்பாடு, ஓட்டோ, மருந்து எல்லாம் தனி. இவர்களிடம் போய், சீசன் இல்லாத மாதம் பார்த்துப் போங்க என்று சொல்ல எந்த டிப்ஸ்காரருக்கு வாய் வரும்? கட்டி சீசன் பார்த்தா வருது?

அடுத்த ஆட்கள் எங்களைப் போன்றவர்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போக வேண்டும் என்பது கலைப் பீடத்தில் தமிழ் படிக்கிற பிள்ளைக்கு ஆடம்பரம் இல்லை. ஆய்வுக்கு ஆவணக்காப்பகம் பார்க்க வேண்டும், ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க வேண்டும். புத்தகத்துக்கு வைத்த காசு லொட்ஜ் கவுண்டரில் முடிந்துவிட்டால் பிறகு காட்சிக்குப் போய் எதைப் பார்க்கிறது, அட்டையையா?

இதைச் சொன்னால் ஊரில் உடனே ஒரு பதில் வரும்: "வெளிநாடு என்னத்துக்கு? நம்மட நாட்டையே இன்னும் சுத்திப் பாக்கல்லயே!" சரி. பொத்துவிலுக்குப் போவோம், எங்கட மாவட்டம்தானே. அறுகம்பேயில் சீசன் நேரத்தில் கடலைப் பார்த்த அறையொன்றின் விலையைக் கேளுங்கள். டொலரில் சொல்வார்கள். ஒரு கட்டத்தில் மத்திய வங்கியே, பதிவுபெற்ற ஹோட்டல்கள் வெளிநாட்டவரிடம் வெளிநாட்டுக் காசில்தான் வாங்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. நாட்டுக்கு டொலர் இல்லாத நேரம், அதற்குக் காரணம் இருந்தது. ஆனால் டொலரில் போட்ட விலைப்பலகை உள்ளூர்க்காரனுக்கு ஒரு செய்தியும் சொல்கிறது. 203 ரூபாவாக இருந்த டொலர் 360 ஆனபோது சர்ஃபிங் பலகையோடு வந்தவருக்கு எங்கட கரை கிட்டத்தட்டப் பாதி விலைக்குப் போனது. எங்களுக்குச் சென்னை எட்டாமல் போனதும் அவருக்கு அறுகம்பே மலிந்ததும் ஒரே நாளில், ஒரே காரணத்தால் நடந்தவை. அவர் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. பொத்துவில் பொடியன்களுக்கு அதில்தான் சாப்பாடு. ஆனா, ஊரைச் சுத்திப் பாரு என்று எங்களுக்குப் புத்தி சொல்கிறவர்கள் ஒருக்கா அங்கே ரூம் கேட்டுவிட்டு வந்து சொல்லட்டும்.

ஊருக்குள்ளும் இந்த வீதம் ஒரு கோடு போட்டிருக்கிறது. சவூதி ரியால் 1986இலிருந்து டொலருக்கு 3.75 என்று கட்டப்பட்டது. டொலர் ஏறினால் ரியாலும் கூடவே ஏறும். 54 ரூபாவாக இருந்த ரியால் 96 வரை போனபோது ரியாத்தில் காக்கா வேலை செய்கிற வீட்டுக்கு ஒரு கணக்கு, வாப்பா பாடசாலை ஆசிரியராக இருக்கிற வீட்டுக்கு இன்னொரு கணக்கு. ஒரே மதிலின் இரு பக்கம். ஒரு வீடு உம்றாவுக்குப் போக, மற்ற வீடு வைத்தியத்துக்குப் போகக் காணி வித்தது. ஆகவே "கல்முனைக்காரர் வசதியானவங்க" என்று மொத்தமாகப் பேசுவதை நிறுத்தினால் நல்லது.

இப்ப நாங்கள் சொல்ல வந்ததுக்கு வருவோம். பயணிக்குக் கூரை கொடுப்பது சந்தையின் வேலை என்று ஆனது அண்மையில்தான். இப்னு பதூதா 1344இல் இந்தத் தீவுக்கு வந்து ஆதம் மலை ஏறியவர். அவ்வளவு தூரம் சுற்றிய மனிசன் வழியில் எத்தனையோ இரவுகளை ஸாவியாக்களில் கழித்தார். அங்கே தங்கவும் உண்ணவும் காசு கேட்பதில்லை. மக்காவில் ஹைதராபாத் நிஸாமின் ரூபாத் இன்றைக்கும் இருக்கிறது. பழைய ஹைதராபாத் சமஸ்தானத்துப் பகுதிகளிலிருந்து போகிற ஹாஜிகளில் சீட்டுக் குலுக்கித் தேர்ந்து இலவசமாகத் தங்கவைக்கிறார்கள். இந்திய ரூபாய் எவ்வளவு விழுந்தாலும் அந்த அறையின் விலை பூச்சியம்தான். நாட்டுக்கோட்டை நகரத்தார் காசியில் சத்திரம் கட்டினார்கள். செட்டிநாட்டுக்காரர் காசிக்குப் போனால் எங்கே தங்குவது என்று யோசிப்பதில்லை. இவர்கள் எல்லாரும் செய்தது ஒன்றைத்தான். கையில் காசு இருந்த காலத்தில் மற்ற ஊரில் ஒரு கூரை வாங்கி வைத்தார்கள்.

எங்களுக்கும் இது புதிது இல்லை. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் வருசாவருசம் நாகூர் நாயகத்தின் பேரில் கொடியேற்றம் நடக்கிறது. மூத்தம்மாமார் தலைமன்னாரில் கப்பல் ஏறி நாகூருக்குப் போய் வந்த கதைகள் இன்னும் வீடுகளில் கிடக்கு. தர்கா கூடுமா கூடாதா என்ற சண்டையை இங்கே தொடங்காதீங்க, நாங்கள் பேசுவது தலைக்கு மேல் கூரையைப் பற்றி. அந்தக் காலத்து ஆட்கள் ஹோட்டல் தேடிப் போகவில்லை. தெரிந்த வீடு, தர்கா அறை, வியாபாரக் கூட்டாளியின் கிட்டங்கி என்று தங்கினார்கள். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 2023 ஒக்டோபரில் திரும்பவும் கப்பல் ஓடத் தொடங்கியது. கல்முனையிலிருந்து காங்கேசன்துறை நாட்டின் மறுமுனை என்பது வேறு விசயம். இருந்தாலும் கப்பல் வந்துவிட்டது, தங்குகிற இடம்தான் வரவில்லை.

எங்கள் ஊர்களில் காசு இல்லையா? பள்ளிவாசலுக்கு மூன்றாவது தடவை டைல்ஸ் மாற்றுகிறோம். ஊர் வாசலில் வளைவு கட்டுகிறோம், பக்கத்து ஊர் கட்டினால் அதைவிட ஓரடி உயரமாக. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் வட்ஸ்அப் குழுவில் கேட்டவுடன் அனுப்புகிறார்கள். யாருக்காவது ஒப்பரேசன் என்றால் தனியாக ஒரு சேகரிப்பு, அடுத்த மாதம் அடுத்த ஆளுக்கு இன்னொரு சேகரிப்பு. அந்தச் சேகரிப்பில் ஒரு பகுதி ஒவ்வொரு முறையும் சென்னையில் ஒரு லொட்ஜ் கவுண்டருக்குத்தான் போகிறது. இதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தகர் சங்கங்களும் ஒரு தடவை உட்கார்ந்து கூட்டிப் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கையின் முதல் பாதி.

இரண்டாவது பாதி: ஆஸ்பத்திரிகளுக்குக் கிட்ட, மண்ணடியிலோ திருவல்லிக்கேணியிலோ ஒரு வீட்டை, குறைந்தது ஒரு மாடியை, இந்தக் கரைக்காக எடுங்கள். வாங்க வேண்டாம், வாங்கவும் ஏலாது. இலங்கைப் பிரஜைகள் இந்தியாவில் நிலமோ வீடோ வாங்குவதற்கு ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். ஆனால் ஐந்து வருடத்துக்கு மேற்படாத குத்தகைக்கு அந்தத் தடை இல்லை. வெளிநாட்டவரைத் தங்கவைப்பதற்கான படிவம் அந்த வீட்டுக்கும் நிரப்ப வேண்டும். ஆகவே அங்கேயே பதிவுள்ள, பொறுப்பெடுக்கக்கூடிய ஓர் அறக்கட்டளையோடு சேர்ந்துதான் செய்ய முடியும். ஒரு குசினி, ஆளுக்கொரு கட்டில், ஆஸ்பத்திரிக் கடிதம் உள்ளவருக்கு முதலிடம், ஜனவரியில் இடம் மிஞ்சினால் மாணவருக்கு. வசதி உள்ளவர் இலங்கை ரூபாவில் ஊரிலேயே கட்டிவிட்டுப் போகட்டும். வாடகையை ஊர் மொத்தமாகச் சுமந்தால், நாணயம் திரும்ப விழுகிற அன்றைக்கு ஒரு தனி வீடு மட்டும் நொறுங்காது.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று தெரியும். யார் பேரில் குத்தகை, எந்த ஊர்க்காரருக்குச் சாவி. சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை என்று 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்து சில நாளில் நிறுத்தப்பட்டதையும், அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் பேசிய பேச்சையும் மறக்கவில்லை. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தை வைத்துத் தமிழரும் முஸ்லிம்களும் இழுபட்டதும் முடியவில்லை. ஆனால் பாண்டிருப்பு அம்மாவும் மருதமுனை உம்மாவும் கட்டுநாயக்கவுக்கு ஒரே இரவு பஸ்ஸில்தான் போகிறார்கள், ஒரே ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் காத்திருக்கிறார்கள். அந்த வீடு முஸ்லிம்களுக்கு மட்டும் என்று எழுதுவதாக இருந்தால் நாங்கள் அதற்கு ஒரு சதமும் சேர்க்க மாட்டோம். காரைதீவுக்கும் பெரியநீலாவணைக்கும் அதில் கட்டில் இருக்க வேண்டும், நிர்வாகத்தில் கதிரையும் இருக்க வேண்டும். குசினியில் ரெண்டு அடுப்பு வைக்கலாம், அதில் யாருக்கும் பிரச்சினை வராது.

உங்கள் ஊரில் அடுத்த நிர்வாகக் கூட்டம் எப்ப என்று விசாரியுங்கள். போய், போன வருசம் வைத்தியத்துக்கென்று சேர்த்த காசில் படுக்கைக்கு எவ்வளவு போனது என்ற ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். கணக்குக் கொப்பியை அவர்களே திறக்கட்டும்.