காத்திருப்போருக்கும் கனல் வேண்டும்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

விளையாட்டைப் பற்றி எழுதுவோர் யாவரும் ஓடுகிறவனைப் பற்றியே எழுதுகின்றனர். உட்கார்ந்திருப்பவனைப் பற்றி எழுதுவார் இல்லை. கோல் போட்டவனின் படம் நாளிதழில் வருகிறது. எழுபது நிமிடம் பெஞ்சில் அமர்ந்து, “எழுந்து வா” என்னும் குரலுக்காகக் காத்திருந்தவனின் படம் வருவதில்லை. அவன் அமரும் பலகையைப் பற்றியதே இக்கட்டுரை. அதுவும், குளிர் நாடுகளில் அந்தப் பலகையைச் சூடாக்குவது பற்றி. “பங்குனி வெயிலில் பாதி உருகிப் போகும் நமக்கு இந்தக் கவலை எதற்கப்பா?” என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைத்துவிட்டுப் படிக்கட்டும். வெப்பம் எங்கிருந்து எங்கே போகிறது என்பது இயற்பியல் மாணவனுக்கு எந்த நாட்டிலும் சொந்தக் கவலைதான்.

கால்பந்தில் காத்திருக்கும் ஆட்டக்காரன் என்ற ஒருவன் நெடுங்காலம் இருந்ததே இல்லை. இங்கிலாந்தின் லீக் ஆட்டங்களில் 1965-ஆம் ஆண்டில்தான் மாற்று ஆட்டக்காரர் ஒருவருக்கு இடங்கொடுத்தனர். அதுவும் ஆடுகிறவர் காயமுற்றால் மட்டுமே. உலகக் கோப்பையில் அவ்வழக்கம் 1970-இல் வந்தது. பெருந்தொற்றுக் காலமாகிய 2020-இல் ஐந்து பேர் வரை மாற்றலாம் என்று தற்காலிகமாக விதித்தனர். 2022-இல் அதையே நிலையான விதியாக்கினர். அவ்வாண்டின் உலகக் கோப்பையில் ஓர் அணிக்கு 26 பேர் வரை அனுமதி. பதினொருவர் ஆட, பதினைந்து பேர் உட்காரலாம்! களத்தில் ஓடுவோரைவிட ஓரத்தில் உட்காருவோர் தொகை மிகுந்துவிட்டது. ஆயினும் அவர்கள் அமரும் இடத்தைப் பற்றி எத்தனை பேர் சிந்தித்தார்கள்?

திடலோரத்தில் கூரையிட்ட பள்ளத்தை முதலில் அமைத்தவர் ஸ்காட்லாந்தின் அபர்டீன் அணிப் பயிற்சியாளர் டொனால்ட் கோல்மன் என்பர். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அவர் அதை அமைத்ததன் நோக்கம் என்ன? ஆட்டக்காரரின் காலசைவைத் தரைமட்டத்திலிருந்து கவனிக்க வேண்டும். தம் குறிப்பேடு மழையில் நனையாதிருக்க வேண்டும். நல்ல நோக்கங்களே. ஆனால் கூரை வந்தது குறிப்பேட்டுக்காக என்பதை நாம் குறித்துக்கொள்வோம்.

அடுத்து, குளிரை விரட்ட எண்ணிய மனிதன் முதலில் எதற்குச் சூடு கொடுத்தான் தெரியுமா? புல்லுக்கு! லிவர்பூல் நகரின் எவர்ட்டன் சங்கம் 1958-ஆம் ஆண்டிலேயே தன் குடிசன் பார்க் திடலின் அடியில் ஏறத்தாழ இருபது மைல் நீள மின்கம்பியைப் புதைத்தது. பனி நன்றாகவே உருகிற்று. உருகிய நீர் போக வழியில்லாததால் திடல் சேறாயிற்று; மறுபடி தோண்டி வடிகால் போட வேண்டியதாயிற்று. வெப்பத்தைக் கணக்கிட்டவர்கள் தண்ணீரைக் கணக்கிடவில்லை போலும்.

இவ்வரலாற்றின் உச்சக் காட்சி அமெரிக்காவில் நடந்தது. 1967 டிசம்பர் 31. விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன்பே நகரில் அமெரிக்கக் கால்பந்தின் சாம்பியன் பட்டத்திற்கான ஆட்டம். வெப்பநிலை சுழிக்குக் கீழே ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸ். அங்கும் தரைக்கடியில் 80,000 டாலர் செலவில் மின்கம்பிகள் இருந்தன. அன்றைக்கென்று அவை கைவிட்டன, திடல் பனிப்பாளமாயிற்று. நடுவர் ஊதிய உலோக விசில் உதட்டோடு ஒட்டிக்கொண்டது. அதன்பின் ஆட்டம் முழுவதையும் நடுவர்கள் குரல் கொடுத்தே நடத்தினர். கிரீன்பே அணியின் ரே நிட்ஷ்கி என்னும் பெருவீரருக்குக் கால்விரல்களில் பனிக்கடி. கிரீன்பே 21-க்கு 17 என்று வென்றது. இந்த ஆட்டத்தை இன்றும் ‘ஐஸ் பௌல்’ என்று பெருமையோடு பேசுகின்றனர். வீரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பனிக்கடி பட்ட விரலுக்கு வீரம் தெரியாது.

வெப்பமூட்டிய பெஞ்சு அமெரிக்கக் கால்பந்தில் வேரூன்றியதில் வியப்பில்லை. அந்த ஆட்டத்தின் அமைப்பே அப்படி. தாக்குவதற்கு ஒரு குழு, தடுப்பதற்கு மற்றொரு குழு. ஒன்று களத்தில் இருக்கும்போது மற்றொன்று ஓரத்தில். வியர்த்த உடலோடு வந்து அமர்ந்து, குளிர்ந்து, மீண்டும் ஓட வேண்டும். ஆகவே அங்கே எரிவாயுவாலோ டீசலாலோ காற்றைச் சூடாக்கி, ஊதியின் மூலம் பெஞ்சின் வயிற்றுக்குள் செலுத்துகின்றனர். உட்காரும் பகுதியும் முதுகுப் பலகையும் சூடாகின்றன. கால் வைக்கும் இடத்திலும் சுடுகாற்று வருகிறது. தலைக்கவசத்தைக் கவிழ்த்து வைக்கத் தனித் தண்டுகள். அவற்றின் வழியே கவசமும் சூடேறுகிறது. ஐரோப்பியக் கால்பந்தின் வழி வேறு. மோட்டார் கார் இருக்கை செய்யும் ரெக்காரோ போன்ற நிறுவனங்கள், கார் இருக்கையையே திடலுக்குக் கொண்டுவந்துவிட்டன. துணியுறைக்கு அடியில் மெல்லிய மின்கம்பி.

“இதெல்லாம் கோடீசுவரர்களின் சொகுசு” என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவோர் உண்டு. அவர்களோடுதான் என் வழக்கு. தசையினுள் நடப்பவை வேதிவினைகள். வேதிவினையின் வேகம் வெப்பநிலையோடு ஏறி இறங்கும் என்பதை மேல்நிலை வகுப்பிலேயே படித்தோம். சார்ஜென்ட் என்னும் ஆய்வாளர் 1987-இல் வெளியிட்ட சோதனை இதை நேராகக் காட்டுகிறது. கால்களை 45 நிமிடம் நீரில் வைத்திருந்து, பின் முழு வலுவோடு மிதிவண்டி மிதிக்கச் சொன்னார். 44 டிகிரி வெந்நீரில் வைத்த கால்களின் உச்சத் திறன் 11 விழுக்காடு கூடியது. 12 டிகிரி நீரில் வைத்தவற்றின் திறன் 21 விழுக்காடு குறைந்தது. அதே மனிதர், அதே கால்!

நீர்த்தொட்டி வேறு, ஆடுகளம் வேறு என்பீர்கள். 2004-இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் ஆடுகளத்திலேயே அளந்தனர். பதினைந்து நிமிட இடைவேளையில் சும்மா உட்கார்ந்த ஆட்டக்காரரின் தொடைத்தசை ஏறத்தாழ 2 டிகிரி குளிர்ந்தது; விரைந்தோடும் திறன் 2.4 விழுக்காடு குறைந்தது. சிறு எண்ணாகத் தோன்றும். இருபது மீட்டர் ஓட்டத்தில் அது ஏறத்தாழ அரை மீட்டர். பந்தைத் தொடுபவனுக்கும் தவறவிடுபவனுக்கும் இடையே பெரும்பாலும் அவ்வளவே தூரம். பதினைந்து நிமிடத்திற்கே இப்படி என்றால், எழுபது நிமிடம் அமர்ந்திருந்து, கடைசி இருபது நிமிடத்தில் ஆட்டத்தைக் காப்பாற்று என்று அனுப்பப்படுபவனின் நிலை என்ன? குளிர்ந்த கால்களோடு அவனைத் தள்ளிவிட்டு, அவன் தடுமாறினால் “சோம்பேறி” என்கிறோம்.

அந்தச் சோதனையிலேயே மற்றொரு செய்தியும் உண்டு. இடைவேளையில் சில நிமிடம் மெல்ல ஓடியவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. எனவே சூடான இருக்கை ஓட்டத்திற்கு மாற்று ஆகாது. ஏறிய சூட்டை இறங்காமல் பிடித்துவைப்பதே அதன் வேலை. அந்த வேலையை அது செய்யும் என்பதற்கும் சான்று உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் மிதிவண்டி வீரர்கள், பந்தயத்திற்குக் காத்திருக்கையில் மின்கம்பி பொதிந்த காற்சட்டை அணிந்திருந்தனர். லஃபரோ பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அரை மணி நேரக் காத்திருப்பின்போது அத்தகைய காற்சட்டை அணிந்தோரின் உச்சத் திறன் மற்றவரைவிட ஏறத்தாழ 9 விழுக்காடு மிகுந்திருந்தது.

இனி இருக்கையின் அமைப்புக்கு வருவோம். இங்கேதான் பலரும் காசைக் கரியாக்குகின்றனர் என்பது என் கருத்து.

உட்கார்ந்திருப்பவனின் உடலில் பலகையைத் தொடுவது எது? புட்டமும் பின்தொடையும். இது நற்பேறு. விரைந்தோடுகையில் கால்பந்தாட்டக்காரருக்கு மிகுதியாகக் காயமுறுவது பின்தொடைத் தசையே. ஆனால் முன்தொடை வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவு விலையுயர்ந்த பெஞ்சும் அதைத் தொடாது. அதற்கு வேண்டியது மடிமேல் ஒரு கம்பளி. கெண்டைக்காலுக்கு வேண்டியது காற்றுத் தடுப்பு. பெஞ்சுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டிவிட்டு, கம்பளி வாங்க மறந்த அணியை நான் அறிவுள்ள அணி என்று சொல்லமாட்டேன்.

திறந்தவெளியில் காற்றைச் சூடாக்குவது மற்றொரு பேதைமை. சூடான காற்று மேலெழும். எஞ்சியதை வீசுகிற காற்று வாரிக்கொண்டு போகும். தெருவோர உணவகங்களில் குடை போல் நிற்கும் எரிவாயு வெப்பமூட்டி ஒன்று ஏறத்தாழ 12,000 வாட் விழுங்குகிறது. வானத்தைச் சூடாக்கும் இவ்வேலை வேண்டாம் என்று பிரான்ஸ் நாடு 2022-இல் உணவகத் திண்ணைகளில் இவ்வகை வெப்பமூட்டலைத் தடை செய்தது. இருக்கையில் பொதிந்த மின்கம்பியின் கணக்கைப் பாருங்கள். ஆளுக்கு 60 வாட் என்று வைத்துக்கொண்டால், பதினைந்து பேருக்கு 900 வாட். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒன்றின் செலவு! சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடலே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. அதை ஓடிப்போகாமல் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

எப்படித் தடுப்பது? முதலில் அலுமினியப் பெஞ்சைத் தூக்கியெறிய வேண்டும். துருப்பிடிக்காது, எடை குறைவு, விலை மலிவு என்று திடல்தோறும் அதைத்தான் போடுகின்றனர். மரத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும் பொருள் அது. குளிர்காலத்தில் அதன்மேல் அமர்ந்தவனின் சூட்டை உறிஞ்சிவிடும். அதே காலையில் பக்கத்தில் கிடக்கும் மரப்பலகையும் அதே வெப்பநிலையில்தான் இருக்கும். ஆனால் தொட்டால் குளிராது. (தேர்வுக்கூடத்தில் நம் கல்லூரியின் பழைய மரப்பெஞ்சைத் திட்டிய வாயால் இப்போது அதைப் புகழ்கிறேன்.) மரப்பலகை, அதன்மேல் ஒரு விரற்கடை கனத்தில் நீர் ஊறாத நுரைமெத்தை, முதுகுப்புறமும் பக்கங்களும் காற்றடைப்பு, மேலே கூரை. இவ்வளவும் செய்தபின்பே மின்கம்பியைப் பற்றிப் பேச வேண்டும்.

மின்கம்பி வைத்தால் எவ்வளவு சூடு? “சூடு மிகமிக நல்லது” என்று எண்ணுவோர் இதைக் கேட்கவேண்டும். தோலைத் தொடர்ந்து தொட்டுக்கொண்டிருக்கும் பொருள் 44 டிகிரியில் இருந்தால் போதும், ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் புண்ணாகிவிடும் என்று 1947-லேயே கண்டறிந்துள்ளனர். கொதிக்க வேண்டியதில்லை, நெருப்பு வேண்டியதில்லை. சூடு ஏறஏற அந்த நேரம் விரைவாகச் சுருங்கும். நம்மைப் போன்றோர் சுட்டால் எழுந்துவிடுவோம். தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்த மாற்றுத்திறன் வீரன் எப்படி எழுவான்? அவனுக்குச் சுடுவதே தெரியாதே! கார் இருக்கையின் வெப்பமூட்டியால் இத்தகையோர் புண்பட்ட செய்திகள் மருத்துவ ஏடுகளில் உள்ளன. ஆதலால் இருக்கையின் மேற்பரப்பு 40 டிகிரியைத் தாண்டாதபடி தானே துண்டித்துக்கொள்ளும் கருவி கட்டாயம் வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது குற்றம் என்றே சொல்வேன்.

என்னை உறுத்தும் மற்றொன்று உண்டு. மேற்கூறிய வசதிகளெல்லாம் எங்கே இருக்கின்றன? தொலைக்காட்சி வரும் திடல்களில். பனிக்காலக் காலைப்பொழுதில் ஆடும் பள்ளிச் சிறுவனும், ஆளில்லாத திடலில் ஆடும் பெண்கள் அணியும் அமர்வது அதே அலுமினியப் பெஞ்சில்தான். அவர்கள் தசைக்கு வேறு வேதியியலா? பலகை, நுரைமெத்தை, கம்பளி, காற்றடைப்பு என்று நான் மலிவானவற்றை முதலில் அடுக்கியதன் காரணம் இதுவே. மின்கம்பிக்கு வழியில்லாத திடலும் இந்நான்கையும் செய்யலாம். வந்த அணிக்கும் சொந்த அணிக்கும் ஒரே வகை இருக்கை என்பதையும் விதியாகவே எழுதிவிட வேண்டும். எதிரியைக் குளிரில் நடுங்கவைத்துப் பெறும் வெற்றி எனக்கு இனிக்கவில்லை.

நம் நாட்டுக்கு இதில் ஒன்றுமே இல்லையா? உதகையில் மார்கழி, தை மாத விடியலில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். அங்கே ஓடிமுடித்த மாணவர், அடுத்த ஓட்டம் வரை சிமெண்டுப் படிக்கட்டில் அமர்வதைவிட, நான்கு அடிப் பலகையும் மடித்த சாக்கும் எவ்வளவோ மேல். சமவெளியில் வழக்கு தலைகீழ். வெயிலில் காய்ந்த இரும்பு நாற்காலி இலவசமாகவே சூடேற்றிவிடும். அங்கே கூரைதான் முதல் தேவை. எந்த உடற்கல்வி இயக்குநரும் இதை மறுக்கமாட்டார். பணம் ஒதுக்குவோர்தாம் மறுப்பர்.

கடைசியாக ஒரு சிறு விவரம். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள திருகு எங்கே இருக்கவேண்டும்? ஒரே திருகைத் திடல் அலுவலரின் அறையில் வைப்பதை நான் ஒப்பமாட்டேன். ஒவ்வோர் இருக்கையின் பக்கத்திலும், அமர்ந்திருப்பவனின் கையெட்டும் இடத்தில், தடித்த கையுறை அணிந்த விரலாலும் திருகக்கூடிய அளவில் அது இருக்கட்டும்.