குஞ்சுக்குச் சூடு வேண்டும். கூரைக்கு நெருப்பு வேண்டாம்

நாட்டுக்கோழிக் குஞ்சுகளை 50, 100 என்று வாங்கி வீட்டோடு வளர்ப்பவர்கள் புரூடருக்கென்று தனியாகச் செலவு செய்வதில்லை. பஞ்சாரத்தைக் கவிழ்த்து, உச்சியில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். இந்தச் சிக்கனத்தில் தவறில்லை. பல்பைத் தொங்கவிடும் விதத்தில்தான் தவறு இருக்கிறது.

பெரும்பாலும் பல்பின் பாரம் முழுவதையும் மின் ஒயரே தாங்குகிறது. முடிச்சு நழுவினாலோ, எலி கடித்தாலோ பல்பு உமியின்மேல் விழும். எரியும் பல்பின் கண்ணாடி கொதிநீரைவிட அதிகமாகச் சுடக்கூடியது. காய்ந்த உமி முதலில் புகையும். பிறகு மூங்கில் பற்றும். அப்புறம் ஓலைக் கூரை. "இத்தனை வருஷமாக இப்படித்தான் தொங்குகிறது, ஒன்றும் ஆகவில்லையே" என்பது சமாதானம் ஆகாது. ஒரே ஒரு தடவை ஆனால் போதும், எல்லாம் போய்விடும்.

ஒயர் மின்சாரத்துக்கு மட்டுமே. பாரத்துக்குச் சங்கிலி வேண்டும். சங்கிலி அறுந்தாலும் பல்பு விழாதபடி கட்டுக்கம்பியால் இன்னொரு கட்டுப் போடவேண்டும். சூட்டில் இளகும் பிளாஸ்டிக் ஹோல்டரைத் தவிர்த்து, பீங்கான் ஹோல்டர் போடுவது நல்லது. பல்பைச் சுற்றிக் கம்பி வலை இருக்கட்டும். பல்புக்கும் உமிக்கும் நடுவே 1½ அடி இடைவெளி வேண்டும். தண்ணீர்த் தட்டைப் பல்புக்கு நேர் கீழே வைக்கக்கூடாது. சுடும் கண்ணாடியில் நீர் தெறித்தால் வெடிக்கும்.

குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்பது பொதுவான கணக்கு. 50 குஞ்சுக்கு 100 வாட் பல்பு ஒன்று போடுவதைவிட 40 வாட் பல்பு மூன்று போடுவதே மேல். நடுராத்திரியில் ஒன்று பியூஸ் போனாலும் மற்ற இரண்டும் விடியும்வரை காக்கும். வெயில் ஏறினால் ஒன்றை அணைத்துவிடலாம். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. அது வெளிச்சம் தரும், போதிய சூடு தராது.

முதல் வாரம் குஞ்சு நிற்கும் மட்டத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரவேண்டும். பல்பைச் சற்று உயர்த்தினாலே சூடு குறையும். வெப்பமானி இல்லாதவர்கள் குஞ்சுகளைப் பார்த்தே அறியலாம். பல்பின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கினால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாய் திறந்து இளைத்தால் சூடு அதிகம். பரவலாகத் திரிந்து இரை பொறுக்கினால் சரி. குளிர் ஒன்றுதான் குஞ்சைக் கொல்லும் என்று நினைத்துச் சாக்குப் போட்டு நாலு புறமும் மூடுவதும் கெடுதியே. காற்று மேலே போய்வர வழி வேண்டும்.

மின்வெட்டு நேரத்தில் மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைப்பது அதைவிட ஆபத்து. அதன் நச்சுப் புகை கண்ணுக்குத் தெரியாது. குஞ்சை மட்டுமல்ல, அங்கே படுத்திருக்கும் மனிதரையும் கொல்லும். வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி நடுவே வைத்தால் சில மணி நேரம் சமாளிக்கலாம்.

சங்கிலி, பீங்கான் ஹோல்டர், கம்பி வலை எல்லாம் சேர்ந்தும் சில குஞ்சுகளின் விலைக்குள் அடங்கிவிடும். இரவல் வெப்பத்தில் வளரும் குஞ்சுக்குத் தாயின் இறக்கை இல்லை. அந்தப் பொறுப்பு வளர்ப்பவருடையது.