அரிய இரத்தப் புற்றுநோயும் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பும்

முதியவர் ஒருவரின் இரத்தத்தில் லிம்போசைட்டு அணுக்கள் அளவிறந்து பெருகியிருப்பின், நாட்பட்ட லிம்போசைட்டுப் புற்றுநோய் என்று அறிக்கை எழுதிவிடும் வழக்கம் உண்டு. மேலைநாட்டுப் பாடநூல்கள் ஊட்டிய வழக்கம் அது; அந்நோய் அங்கே மிகுதி, இந்தியாவிலோ குறைவு. பெரும்பாலும் மெல்ல வளர்வதாகையால், மருந்தின்றிப் பல மாதங்கள், ஆண்டுகள்கூடக் கண்காணித்து வருவதும் முறையே. ஆனால் அதன் சாயலிலேயே வரும் வேறொரு நோயில் அவ்வாறு வாளாவிருப்பது பெருங்கேடாக முடியலாம்.

டி-செல் புரோலிம்போசைட்டிக் லுக்கீமியா எனப்படும் அந்நோய், வயது வந்தோரைப் பற்றும் முதிர்ந்த லிம்போசைட்டுப் புற்றுநோய்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 2 அளவினதே. மண்ணீரல் வீங்கும், வெள்ளணுக்களின் எண்ணிக்கை கன மில்லிமீட்டருக்கு 1,00,000-ஐத் தாண்டுவது இயல்பு. சிலரிடம் தொடக்கத்தில் அடங்கியிருப்பினும், பின்னர் விரைந்து பெருகுகிறது. நோயாளிகளுள் பாதிப்பேர் ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்குள் மடிகின்றனர்.

நுண்பெருக்கியில் உட்கருமணி தெளிவாகத் தெரியின் ஐயம் எழும். ஆனால் ஐவரில் ஒருவரிடம் அணுக்கள் சிறியவை, உட்கருமணி புலப்படாது. கண் ஏமாறுவது அங்கேதான். ஆதலின் அணுப்பரப்பிலுள்ள புரதங்களை ஆராய்தல் இன்றியமையாதது. செலவைக் கருதி 'பி' அணுக்களின் அடையாளங்களோடு நிறுத்திவிடுவது சிக்கனமன்று. சி.டி. 5 என்னும் புரதம் இரு நோய்களிலும் காணப்படுவதால், அதனை மட்டும் நம்புவோர் வழி தவறுவர். ரிட்டுக்சிமாப் மருந்து 'பி' அணுக்களின் சி.டி. 20 புரதத்தைப் பற்றுவது. அப்புரதமற்ற 'டி' அணுக்களிடம் அதற்கு வேலையில்லை. இந்நோயில் பெரும்பாலோருக்கு நோயைத் தணிக்கும் அலெம்துசுமாப், சி.டி. 52 புரதத்தைப் பற்றுவது. பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும்.

2019-ஆம் ஆண்டில் பன்னாட்டு வல்லுநர் குழு வெளியிட்ட வரையறை மூன்றைக் கேட்கிறது: இந்நோய்க்குரிய 'டி' அணுக்கள் கன மில்லிமீட்டருக்கு 5,000-க்கு மேல் இருத்தல், அவை ஒரே மூல அணுவின் வழிவந்தவை எனல், 14-ஆம் குரோமோசோமிலோ எக்ஸ் குரோமோசோமிலோ குறித்த பிறழ்வு, அல்லது அதன் விளைவான டி.சி.எல். 1 போன்ற புரதம். மூன்றாவது இல்லையெனில் 8, 11-ஆம் குரோமோசோம்களின் பிறழ்வு முதலிய துணைச்சான்றுகளில் ஒன்றேனும் வேண்டும்.

குரோமோசோம் ஆய்வு வசதி எங்கும் இல்லை என்பது மெய்யே. எனினும் எலும்பு மச்சைத் துண்டில் டி.சி.எல். 1 புரதத்தைச் சாயமேற்றிக் காண்பது அத்துணை அரிய செயலன்று. 'பி' அணுக்களிலும் அப்புரதம் உண்டாகையால், சாயம் ஏறியவை 'டி' அணுக்களே என உறுதி செய்துகொள்ள வேண்டும். ஜப்பானில் 1977-இல் விவரிக்கப்பட்ட, எச்.டி.எல்.வி. 1 வைரஸால் விளையும் 'டி' அணுப் புற்றுநோயை விலக்க, அவ்வைரஸுக்கான சோதனையும் உடன் தேவை.

பெரிய நிலையத்துக்கு மாதிரி அனுப்பும் மருத்துவமனைகள், முதல் மருந்தைச் செலுத்துமுன் இரத்தம் எடுத்தல் வேண்டும். குரோமோசோம் ஆய்வுக்கு உயிருள்ள அணுக்கள் வேண்டுமாதலால், மருந்துக்குப்பின் எடுத்து, வழியில் நாட்கணக்கில் தேங்கிய குப்பியால் பயனில்லை.