எடுத்துக்காட்டும் ஏதுவும்

விழா மலர் வெளிவருங்காற் பழைய மாணவர் தம் இளமை நினைவுகளை எழுதுதல் மரபு. அம்மரபை நாம் குறைகூறோம். எனினும், எமது கல்லூரி வகுப்புக்களில் இன்று பயிலும் இளைஞர் கையிற் புதிய கருவியொன்று வந்து சேர்ந்திருக்கின்றது. அதனைப்பற்றி இரண்டொரு வார்த்தை கூறுதல் எமது கடனென எண்ணுகின்றோம். செயற்கை நுண்ணறிவு எனப் பெயர்பெற்ற அக்கருவிக்கு வினாவை எழுதிக் கொடுத்தால் அது விடையை எழுதித் தருகின்றது. அவ்வினாவை எழுதிக் கொடுக்கும் முறையே நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். இளைஞர் 'பிராம்ட்' என வழங்கும் அதனைப் பணிப்புரை என்போம்.

2020ஆம் ஆண்டில் ஓப்பன் ஏஐ நிறுவனத்தார் ஜிபிடி-3 என்னும் மொழி மாதிரியைப் பற்றி எழுதியபோது ஓர் உண்மையை எடுத்துக் காட்டினர். இயந்திரத்தை மீண்டும் பயிற்றாமலே, பணிப்புரையிற் சில எடுத்துக்காட்டுக்களைச் சேர்த்துவிட்டால் அது வேண்டிய வேலையைப் பெரிதும் திருத்தமாகச் செய்கின்றது என்பதே அது. ஆயினும் கணக்கில் அம்முறை போதவில்லை. 2022இல் கூகிள் நிறுவனத்து ஆய்வாளர் அதன் காரணத்தை ஆராய்ந்து ஒரு வழி கண்டனர். அவர்கள் காட்டிய கணக்கு எமது கீழ்வகுப்புப் பிள்ளைகளும் செய்யத்தக்கது. உணவுச்சாலை ஒன்றில் 23 அப்பிள் பழங்கள் இருந்தன, 20 பழங்களைச் சமையலுக்கு எடுத்து, பின்னர் 6 பழங்கள் வாங்கினர், இப்போது எத்தனை? இதற்கு முன்னர், பந்துகளைப் பற்றிய வேறொரு கணக்கையும் அதன் விடையாகிய 11 என்பதையும் மாத்திரம் எடுத்துக்காட்டாகக் கொடுத்தபோது, இயந்திரம் 27 என்றது. அந்த எடுத்துக்காட்டிலேயே, முதலில் 5 பந்து இருந்தது, 3 பந்து அடங்கிய பேணிகள் 2 வாங்கினமையால் 6 பந்து சேர்ந்தது, ஆகவே மொத்தம் 11 என்று வழியையும் எழுதிக் கொடுத்தபோது, அதே இயந்திரம் 23இலிருந்து 20ஐக் கழித்து, 6ஐக் கூட்டி, 9 என விடை தந்தது. இவ்வாறு வழி காட்டிய 8 எடுத்துக்காட்டுக்களைக் கொடுத்த மாத்திரத்தில், பாம் என்னும் பெரிய மாதிரி வசனக் கணக்குத் தொகுதி ஒன்றில் நூற்றுக்கு 18 அளவிற் பெற்றுவந்த பேறு நூற்றுக்கு 57 அளவாக உயர்ந்தது.

இது தமிழ் கற்றோர்க்கு முற்றிலும் புதிய செய்தியன்று. காண்டிகையுரைக்கு இலக்கணம் வகுத்த நன்னூலார், கருத்து, பதப்பொருள் என்பவற்றோடு காட்டு என்பதனையும் வைத்தார். வினாவும் விடையும் அதனோடு சேர்ந்தன. தருக்க நூலார் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். மலையில் நெருப்புண்டு என்று சொல்லிய அளவில் நில்லாது, புகை தோன்றுதலின் என ஏதுவைக் கூறி, அதன் பின்னரே அடுக்களையை எடுத்துக்காட்டாக வைத்தனர். ஏதுவை விடுத்து அடுக்களையை மட்டும் காட்டியிருப்பின், மாணாக்கன் அங்குள்ள பானையைக் கண்டு, மலையிலும் பானை தேடப் போவான். இயந்திரமும் பல வேளைகளிற் பானை தேடும் மாணாக்கனே.

அதற்குச் சான்றும் உண்டு. எடுத்துக்காட்டுக்களிலுள்ள விடைகளை வேண்டுமென்றே தாறுமாறாக மாற்றிக் கொடுத்தும், சில வேலைகளில் இயந்திரத்தின் திறமை சிறிதளவே குறைந்தது என 2022இல் வெளிவந்த வேறோர் ஆய்வு கூறியது. விடையின் மெய்ம்மையினும் அதன் வடிவமே அங்குப் பெரிதாகப் பற்றப்பட்டது போலும். 2023இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு எம்மை இன்னும் சிந்திக்க வைக்கின்றது. பல்தேர்வு வினாக்களை எடுத்துக்காட்டாகக் கொடுக்கும்போது, சரியான விடை எப்பொழுதும் முதலாவதாகவே நிற்குமாறு அவற்றை ஒழுங்கு செய்தனர். இயந்திரம் புதிய வினாவுக்கும் முதலாவதையே நாடியது. அஃதோடு நில்லாது, அப்பிழையான தெரிவுக்கு ஏற்றவாறு அழகிய நியாயங்களையும் படிப்படியாக எழுதியது. தான் வரிசையைப் பார்த்தே தெரிந்தமையை அது கூறவில்லை. எழுதப்பட்ட ஏது எல்லாம் உண்மையான ஏது ஆகாது. இக்குறை மனிதரிடத்தும் உண்டு என்பதைப் பரீட்சைத் தாள் திருத்திய ஆசிரியர் அறிவர்.

காலம் விரைந்து செல்கின்றது. 2024 செப்டெம்பரில் ஓப்பன் ஏஐ வெளியிட்ட ஓ1 முதலாய மாதிரிகள், யாரும் சொல்லாமலே தாமாக நெடிது எண்ணி விடை கூறப் பயிற்றப்பட்டவை. 2025 சனவரியில் டீப்சீக் ஆர்1 மாதிரியை வெளியிட்டோர், எடுத்துக்காட்டுக்கள் தம் மாதிரியின் திறனைக் குறைக்கின்றன என்றும், வினாவையும் விடையின் வடிவத்தையும் நேரே கூறுதலே நன்றென்றும் எழுதினர். ஆகவே கணக்குக்கு வழி காட்டும் வேலை இத்தகைய மாதிரிகளுக்குப் பெரும்பாலும் வேண்டுவதில்லை.

எனினும், எமக்கே உரிய வழக்கு எங்கே வேண்டப்படுகின்றதோ அங்கே எடுத்துக்காட்டு இன்றியமையாதது. தமிழிற் பிரியாவிடைப் பத்திரம் ஒன்று எழுதுமாறு வெறுமனே கேட்டால், ஆங்கிலத்திற் சிந்தித்துத் தமிழில் எழுதியது போன்ற ஒன்று வருதல் கூடும். பழைய பத்திரங்கள் இரண்டைக் கொடுத்து, இன்ன காரணத்தால் இவை நல்லன என்றும் கூறினால், நடை பெரிதும் திருந்தும். ஆனால் அவ்விரண்டும் அதிபர்களைப் பற்றியனவாயின், வாயிற் காவலர் ஒருவருக்கு எழுதச் சொன்னாலும் அவருடைய நிருவாகத் திறமையைப் புகழ்ந்துவிடும். தம்முள் வேறுபட்டவற்றைத் தெரிந்து கொடுத்தல் வேண்டும்.

இக்கருவியைக் கல்லூரியினின்று விலக்குக என்று எம் பழைய மாணவருட் சிலர் கருதுவர். தடையின்றி விடுக என்போரும் உளர். இருசாராரோடும் நாம் உடன்படோம். நல்ல எடுத்துக்காட்டும் அதற்குரிய ஏதுவும் எழுத வல்லவன் அப்பாடத்தை முன்னரே விளங்கியவன். விளங்காதவன் எழுதிய பணிப்புரை அவனது விளக்கமின்மையையே காட்டிவிடும். மேலும், இயந்திரம் கூறும் நியாயம் சரியோ என ஆராய்தற்கும் அவ்விளக்கமே வேண்டும். பிறர் எழுதிய பணிப்புரைகளை விலைக்கோ இலவசமாகவோ பெற்று அப்படியே ஒப்புவித்தல், தனியார் வகுப்புக்களில் மாதிரி விடைகளை மனனஞ்செய்த பழைய நோயின் புதிய வடிவமே அன்றி வேறன்று.

ஆதலின் ஆசிரியர்களுக்கு ஒன்று கூற விரும்புகின்றோம். வீட்டு ஒப்படைக்கு இக்கருவியைப் பயன்படுத்திய மாணவன், விடையோடு தன் பணிப்புரையையும் சேர்த்துக் கையளிக்கட்டும். எடுத்துக்காட்டை அவனே ஆக்கியிருத்தல் வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஏதுவைத் தன் சொல்லில் எழுதியிருத்தல் வேண்டும். இயந்திரத்தின் விடையில் தான் ஐயுற்ற இடத்தையும் குறித்திருத்தல் வேண்டும். விடைக்கு 40 புள்ளியும் இவற்றுக்கு 60 புள்ளியும் வழங்கலாம். முதலில் 10ஆம் வகுப்புக் கணிதத்தில் ஒரு தவணைக்கு மட்டும் இதனைச் செய்து பார்க்கலாம். திருத்தும் சுமை ஆசிரியருக்குக் கூடும் என்பதை நாம் அறிவோம். அதற்கு வேண்டிய பாடவேளைகளை நேரசூசியில் ஒதுக்கிக் கொடுத்தல் அதிபரின் பொறுப்பு.